தங்கபுஷ்பத்தின் வலது கை

முதல் சைரன் ஊதியதும் குனி, மேசைக்கடியில் புகு, மேசைக்காலைப் பிடி, இரண்டாவது சைரன் ஊதும்வரை பிடித்த பிடியை விடாதே என்று போர்ட் பிளேரில் அந்தக் கப்பல் ஏஜெண்ட் ஆபீஸின் இரண்டாம் மாடி முழுமைக்கும் வகுப்பெடுத்தவரே ஹெட் கிளார்க் பரமார்த்தலிங்கம்தான், ஆகவே பிடித்துக்கொண்டிருந்தார், மஞ்சள் மேல்சட்டையும் கழுத்தில் விசிலுமாக, முதுகில் தைத்த மாடிப் பொறுப்பாளர் என்ற பட்டம் மேசையின் அடிப்பலகையில் உரச உரச, பிடித்துக்கொண்டேதான் இருந்தார், அந்த இரண்டாவது சைரன்தான் வருகிற வழியைக் காணோம். அறுபது தாண்டிய முழங்கால் மரியாதையாகக் கேட்டது, இன்னும் எவ்வளவு நேரம் என்று. இடுப்பு கெட்ட வார்த்தையில் கேட்டது. மேசைக்கடியிலிருந்து பார்த்தால் ஆபீஸ் என்பது செருப்புகளாலும் ஒயர்களாலும் தூசியாலும் ஆனது, இத்தனை வருஷமாக மேலே உட்கார்ந்துகொண்டு என்னத்தைக் கண்டோம், மேலே முகம் பொய் சொல்லும், கீழே செருப்பு சொல்லாது, திறந்த அறைக்கதவு வழியே தெரிகிற மேனேஜர் சத்தியசீலனின் பளபளப்பு பூட்ஸுக்குக் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து கிடக்கிறது பார், மனுஷன் சாய்ந்து நடக்கிறான், யாருக்கும் தெரியாத பொய் இது. பொய் என்ற சொல் வந்ததும் மனசு கல் தடுக்கின மாதிரி நின்றது. அவள் இப்போது எங்கே இருப்பாள். எங்கே இருப்பாள், அவளும் மேசைக்கடியில்தான் இருப்பாள். ஒத்திகை ஆபீசுக்கு மட்டுமா, ஊருக்கே ஒத்திகை, ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு அவர்கள் குடியிருக்கிற ஜங்லிகாட் மேட்டில் தெருத் தெருவாக வந்து சொல்லிவிட்டுப் போனார்களே, வீட்டில் இருப்பவர்களும் இதே மாதிரி, மேசையோ கட்டிலோ எது இருக்கிறதோ அதற்கடியில், இரண்டாவது சைரன்வரை. அவர் பெண்டாட்டி தங்கபுஷ்பம் சொன்னால் சொன்னபடி செய்கிறவள். ரேஷன் கடையில் வரிசை கோணினால்கூடப் பொறுக்காதவள். படாக் மரத்தில் செய்த அந்தச் சாப்பாட்டு மேசைக்கடியில் அவள் புகுந்துவிடுவாள், புகுவது சுலபம், மூட்டையைச் சாய்க்கிற மாதிரி உடம்பைச் சாய்த்தால் போதும். எழுந்திருப்பதுதான். போன வாரம் வாழைப்பூ ஆய்கிறேன் என்று தரையில் உட்கார்ந்தவள் பூ முழுக்க ஆய்ந்து முடித்தும் உட்கார்ந்தபடியே இருந்தாள், ஏன் என்று பார்த்தால் எழ முடியவில்லை, இவர்தான் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார், தூக்கிவிட்டு, மழைக்காலத்துல தரை ஆளைப் பிடிச்சு இழுக்கும் புஷ்பம், நேத்து ஆபீஸ்ல எங்க மேனேஜரை அப்படியே பிடிச்சு வச்சிருச்சு, நாங்க நாலு பேரு சேர்ந்து பேத்து எடுத்தோம் என்றார். அவள் சிரித்தாள். சிரிக்கும்போதும் அந்த வலது கை மடியில் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. நீ மட்டும் ஒத்திகைக்கு மேசைக்கடியில் புகாதே என்று காலையில் அவளிடம் சொல்லியிருக்கலாம். வாசல்வரை வந்த சொல். ஏன் என்று கேட்டிருப்பாள். அந்த ஏனுக்குத்தான் இத்தனை மாசமாக அவரிடம் பதில் இல்லை, இருந்த பதிலை மேல்சட்டைக்குள்ளே, உள்சட்டைப் பையில், பிரிக்காத மாத்திரை அட்டையாக வைத்துக்கொண்டு அலைகிறார்.

"அண்ணாச்சி" என்று அடுத்த மேசைக்கடியிலிருந்து ஒரு குரல், கேஷியர் ஜெசிந்தா, தூத்துக்குடிக்காரி, வாயை வைத்தே ஊருக்குப் பாலம் கட்டிவிடுவாள், "இது நிலநடுக்க ஒத்திகையா இல்ல கல்லறை ஒத்திகையா? ரெண்டு காலும் எனக்கு முந்தியே செத்துப்போச்சு." பேசாமல் இரும்மா என்றார் இவர். "காத்தாடி நின்னுபோச்சு, பாத்தீயளா? கரண்டு போயிருச்சு. சைரன் கரண்டுலதானே ஊதும்? இனிமே எங்க ஊத?" அப்போதுதான் பார்த்தார், ஆமாம், மின்விசிறி மூன்று இறக்கையும் சோர்ந்து நிற்கிறது, நிஜமாகப் பூமி ஆடினால் முதலில் போகப்போவது கரண்டுதான், அந்த அறிவாளிகள் சைரனைக் கொண்டுபோய்க் கரண்டில் மாட்டியிருக்கிறார்கள். மேனேஜர் அறையிலிருந்து சத்தியசீலனின் குரல் தரையோடு தரையாக வந்தது: "யாரும் எழுந்திரிக்கக் கூடாது! பார்வையிட மேலருந்து ஆள் வருவாங்க. நாம கலைஞ்சு நின்னா என் மானம் போயிரும்." மேசைக்கடியில் இருக்கிற மானம். ஜெசிந்தா கிளுக்கென்று சிரித்தாள். "ஒரு கதையாவது சொல்லுங்க அண்ணாச்சி, பொழுது போவட்டும், அந்தச் சூரை மீன் கதை." மற்ற நாளாக இருந்தால் சொல்லியிருப்பார். கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவரிடம் கதைக்குப் பஞ்சமா, ஒரு சூரை மீன் மாடிப்படி ஏறி வந்து டைப் மெஷின் முன்னால் உட்கார்ந்து லீவு கேட்டு அடித்துவைத்துவிட்டுப் போன கதை, முதல் ஆட்டத்தில் நின்ற சுவர்க்கடிகாரம் அடுத்த ஆட்டத்தில் தானே ஓட ஆரம்பித்து அதிலிருந்து ஊர்க் கடிகாரத்துக்கெல்லாம் அதுதான் மணி சொல்கிற கதை, தென்னைமரம் ஒன்று பயத்தில் பக்கத்து வளவுக்குள் நகர்ந்துபோய் நின்றுகொள்ள, தேங்காய் யாருக்கு என்று இரண்டு வீட்டுக்கும் இன்றைக்கும் வழக்கு நடக்கிற கதை. ஒரு கதையை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் அது நடந்தது. அன்றைக்குக் காலையில் தரை பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருண்டபோது தங்கபுஷ்பம் அவருடைய சட்டையைக் கழுத்தோடு பற்றினாள், பொத்தான் தெறித்தது, பிள்ளை இல்லாத வீடு, பற்றிக்கொள்ள வேறு யார், இரண்டு பேருமாக மேட்டில் ஏறி நின்று கீழே கடல் பின்வாங்கிப்போவதைப் பார்த்தார்கள், யாரோ ஒருவர் ஓடிப்போய்த் தரையில் கிடந்த மீனைப் பொறுக்கினார், அவள் அந்த ஆளைப் பார்த்து, ஏய்யா வந்துருய்யா, வந்துருய்யா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், கத்தக்கூட இல்லை, காதோடு பேசுகிற மாதிரி, அந்த மனுஷனுக்குக் கேட்டிருக்காது. அதற்குப்பிறகு எத்தனையோ நாள் பள்ளிக்கூட மைதானத்தில்தான் தூக்கம். வீட்டுக்குத் திரும்பியும், குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கரண்டியை வைத்துவிட்டுச் சுவரில் உள்ளங்கையை ஊன்றி நிற்பாள், வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி, பார்த்துவிட்டு, ஒண்ணுமில்ல என்று கரண்டியை எடுப்பாள். பூமியைப் பற்றிய பயம் அவளுக்குப் பழகின பயம் என்று அவர் நினைத்துக்கொண்டார். பழகின நாய்க்கு யார் பயப்படுவார்கள். அங்கேதான், அந்த நினைப்பில்தான், எல்லாம் கோணிப்போயிற்று.

"புஷ்பக்கா இன்னைக்கு என்ன சொன்னாக?" என்றாள் ஜெசிந்தா. "எங்க தெருவுலயே கேக்கச் சொன்னாவ. நெசமாவே உண்டா, வெறும் ஒத்திகைதானா?" மேசைக்காலை இறுக்கிப் பிடித்தார். இங்கேயும் வந்துவிட்டது. அவர் வாயிலிருந்து புறப்பட்டது ஊரெல்லாம் சுற்றி, அவர் ஆபீஸ் மேசைக்கடிக்கே வந்துவிட்டது. எல்லாம் ஒரு காபி டம்ளரில் ஆரம்பித்தது. ஒரு காலையில் அவள் டம்ளரை டவராவில் வைத்து நீட்டினாள், டவராவுக்குள் டம்ளர் கிணுகிணு கிணுகிணு என்றது. இவர் டம்ளரைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தாள். பிறகு அவள் முகம், அது ஒன்றுதான், அதைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை, அந்த முகத்தில் அவளுடைய அப்பா வந்து உட்கார்ந்தார். ஏரலில் டீக்கடை வைத்திருந்த மனுஷன், ஐம்பது வயதில் கை ஆட ஆரம்பித்தது, இவர் கையில குடுத்தா ஆத்தவே வேண்டாம்டே, டீ தானா ஆறிரும் என்று வாடிக்கைக்காரர்கள் சிரிப்பார்கள், அவரும் கூடச் சிரிப்பார், வீட்டுக்கு வந்து சிரிக்கமாட்டார். கடை போயிற்று, நடை போயிற்று, முகமே கல்லாகிப் போயிற்று, கடைசியில் பாவாடை தாவணிப் பெண் தங்கபுஷ்பம்தான் அவருக்கு ஸ்பூனால் கஞ்சி ஊட்டினாள், ஊட்டும்போது வாயோரம் வழிவதைத் துடைத்துக்கொண்டே ஊட்டினாள், கல்யாணமான புதிதில் ஊர்க்கதை எல்லாம் பேசி ஓய்ந்த ஒரு மத்தியானத்தில், எனக்கு எது வேணும்னாலும் வரட்டுங்க, அப்பாவுக்கு வந்தது மட்டும் வந்துரக் கூடாது, அப்படி வந்துச்சுன்னா என்ன ஆத்துல தள்ளிருங்க என்றாள். இந்தத் தீவில் ஆறு ஏது. அந்த முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், வாய் அது பாட்டுக்கு, அந்தப் பழக்கப்பட்ட வாய், அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது: "ஏட்டி, நிலம் ஆடுது! பிடி, பிடி!" சொன்னதோடு விட்டாரா, எழுந்த வேகத்தில் தொங்கின பல்பைத் தோளால் ஒரு இடி இடித்துவிட்டார், பல்பு ஆடியது, நிழலெல்லாம் ஆடியது. அவள் பல்பைப் பார்த்தாள். அப்பா அவள் முகத்திலிருந்து எழுந்து போய்விட்டார். அட, ஆமா, நிலம்தான் என்றாள். அந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். பூமி பிளந்துவிடப்போகிறது என்று சொன்னதும் நிம்மதியாகச் சிரித்த ஒரே பெண்பிள்ளை அவள்தான். பூமி ஆடினால் ஊருக்கே ஆடும், ஊரோடு சேர்ந்து ஓடலாம், கை ஆடினால் அவள் ஒருத்திக்குத்தான் ஆடும், யாரோடு ஓடுவாள், இதுதான் அவருடைய கணக்கு, தப்புக் கணக்கு என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம். சொல்ல யாரும் இல்லாததுதான் கஷ்டம்.

அடுத்த நாளும் ஆடியது. எனக்கு ஒண்ணும் தெரியலியேங்க, உங்களுக்குத் தெரியுதா, ஏன் என் கைக்கு மட்டும் தெரியுது என்றாள். அதற்கும் கதை இருந்தது. எறும்புக்குத் தெரியும், தவளைக்குத் தெரியும், நாய்க்கு முந்தின நாளே தெரியும், மனுஷரில் கோடியில் ஒருத்தருக்குத் தெரியும், கவர்மெண்டு லட்சக்கணக்கில் குடுத்து ஜப்பான்லருந்து மிஷின் வாங்கிவச்சிருக்கான், உனக்கு அது கையோட வந்திருக்கு புஷ்பம், அதுவும் வலது கை, அதுதான் கடலைப் பார்த்த கை. என்ன பேச்சு. அவளுக்குக் கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் பெருமை. கீழ்வீட்டு லூர்தம்மாளிடம் சொல்லியிருக்கிறாள். லூர்தம்மாளிடம் சொன்னால் பிறகு ஜீப் எதற்கு, ஒலிபெருக்கி எதற்கு. அத்தோடாவது நின்றதா என்றால், ஒருநாள் மத்தியானம் இவள் கை வழக்கத்தைவிட அதிகமாக ஆடியிருக்கிறது, அன்று சாயங்காலமே நிஜமாகத் தரை ஆடித் தொலைத்தது, பெரிய ஆட்டம் இல்லை, லூர்தம்மாள் வீட்டுப் பீங்கான் நாலு உடைந்தது, ஆனால் நாலு பீங்கான் போதாதா ஒரு தெய்வத்தை உண்டாக்க. அதிலிருந்து காலையில் வாசலில் பெண்கள். அக்கா, இன்னைக்கு உலை வைக்கலாமா? அக்கா, பரண்ல ஏறி பாத்திரம் எடுக்கலாமா? கல்யாண வீட்டுக்காரன் ஒருவன் பந்தல் போடுவதற்கு முன்னால் வந்து கையைப் பார்த்துவிட்டுப் போனான். ஆபீஸில் இவர் மாடிப் பொறுப்பாளர், பீரோவைச் சுவரோடு ஆணி வைத்துக் கட்டுங்கள், தலைக்கு மேலே கனமான எதையும் வைக்காதீர்கள் என்று படித்துக்கொண்டு வந்து சொல்வார், அதையெல்லாம் வீட்டில் அவள் செய்து முடித்திருப்பாள். கேஸ் சிலிண்டருக்குச் சங்கிலி. பீரோவுக்குக் கயிறு. பரண் காலி. சுவரிலிருந்த முருகனைக்கூடத் தரையில் இறக்கிச் சாத்திவைத்துவிட்டாள், விழுந்தா அவருக்கும் அடிபடும்லா என்று. கதவோரம் பை, பைக்குள் ரஸ்க், டார்ச், தண்ணீர் பாட்டில், இவருடைய பிரஷர் மாத்திரை, இவருடைய கண்ணாடி, இவருடைய ஒரு சட்டை. அவளுடையது என்று ஒன்றும் இல்லையே என்று ஒருநாள் பார்த்தார், பார்த்துவிட்டு மூடினார். பிறகு டாக்டர். சர்க்கரைக்குப் பார்க்கலாம் என்று பொய் சொல்லித்தான் கூட்டிப்போனார். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் அந்த நோயின் பெயரைச் சொன்னார், அது அவருக்கு முன்பே தெரிந்த பெயர்தான், ஏரலில் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். இப்போ நல்ல மருந்து இருக்கு, அந்தக் காலம் மாதிரி இல்லை, ஆனா அவங்ககிட்ட நீங்க சொல்லணும், சொல்லி இன்னைக்கே ஆரம்பிக்கணும் என்றார் டாக்டர். சொல்லாமல் கொடுக்க முடியாது, கோயில் விபூதியையே எதுக்குன்னு கேட்டுத்தான் வாயில் போடுவாள். வெளியே வந்தபோது அவள், என்ன சொன்னாரு, சர்க்கரை இருக்கா என்றாள். சர்க்கரையா, உன்னைப் பார்த்த எறும்பெல்லாம் ஏமாந்து போச்சாம் என்றார் இவர். மாத்திரை அட்டை நெஞ்சோரத்தில் குத்தியது. இப்போதும் குத்துகிறது, மேசைக்கடியில் மடங்கி உட்கார்ந்ததால் அதன் ஓரம் நேராகத் தோலில்.

செல்லை எடுத்து வீட்டுக்குப் போட்டார். "ஒத்திகையில போன் பேசக்கூடாதுன்னு நீங்கதானே அண்ணாச்சி படிச்சீய" என்றது பக்கத்து மேசை. அடித்தது. ஃப்ரிட்ஜுக்கு மேலேதான் போன் இருக்கும், கனமான எதையும் உயரத்தில் வைக்காதே என்றால் போன் கனமா என்று அங்கேதான் வைப்பாள், அடிக்கிறது, ஃப்ரிட்ஜின் தகரத்தில் அது நடுங்கி நடுங்கிச் சுற்றுகிறது, சமையலறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே ஒரு வாசற்படி, அதைத் தாண்டிப் போகிறது சத்தம், மேசைக்கடியில் அவள் காதில் விழுகிறது, இவர்தான் என்று தெரிகிறது, எழப் பார்க்கிறாளா, எழவேண்டாம் புஷ்பம், கிட, அப்படியே கிட, அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். மறுபடி அந்த வீட்டில் அது அடித்தது. காலையில் புறப்படும்போது அவள் கண் சிவந்திருந்தது. ஏன் சிவந்திருந்தது. வெங்காயம். இல்லை, காலையில் இட்லி, வெங்காயம் ஏது. நேற்றும் சிவந்திருந்தது. தண்ணீர் குடிக்க இவர் எப்போது எழுந்தாலும், வேணுமா, நான் எடுத்துத் தரட்டா என்று உடனே ஒரு குரல் வருமே, தூங்கி எழுந்த குரலா அது, ஒரு தடவையாவது அது தூங்கி எழுந்த குரலாக இருந்ததா. எந்நேரமும் எழுந்து ஓடத் தோதாக ஊக்குக் குத்தின சேலையோடு படுக்கிறாள். வலது கையை வயிற்றின் மேல் எடுத்துவைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு. அந்த இடத்தில் நினைப்பு வழுக்கியது, அவர் அதைத் திருப்பிவிடப் பார்த்தார், சூரை மீன், தென்னைமரம், மேனேஜரின் குதிகால், அது திரும்பவில்லை, சேற்றில் சிக்கின வண்டிச்சக்கரம் மாதிரி அதே இடத்தில் சுற்றியது. இது ஒத்திகைதான் என்று அவளுக்குத் தெரியும். சைரன் ஒத்திகைச் சைரன் என்று தெரியும். ஆனால் கை? கைக்கு யார் சொல்வது ஒத்திகை என்று. கை ஆடுகிறவரைக்கும் அவளுக்குப் பூமி ஆடிக்கொண்டுதானே இருக்கும், ஊர் முழுக்க இரண்டாவது சைரன் ஊதினாலும் அவளுக்கு ஊதாது, ஒரு நாளும் ஊதாது, இத்தனை மாசமாக ஒவ்வொரு நிமிஷமும் அவளை அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமையில் கொண்டுபோய் நிறுத்திவைத்துவிட்டு, நிம்மதி கொடுத்தோம் நிம்மதி கொடுத்தோம் என்று மார்தட்டிக்கொண்டு, அடப்பாவி, கொலைகாரா, பல்பை இடித்தாயே. தலை மேசையில் டமாரென்று மோதியது. எழப் பார்த்திருக்கிறார் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. "அண்ணாச்சி!" விசில் கழுத்தில் ஆட, பட்டம் முதுகில் ஆட, படியில் இறங்கினார், மாடிப் பொறுப்பாளரே எழுந்து போனால் முடிந்தது என்றுதானே அர்த்தம், பின்னாலேயே மாடி மொத்தமும் தடதடவென்று இறங்கியது, மேனேஜர் கத்துவது கேட்டது, அவர் கத்தலும் சாய்ந்த குதிகாலோடு சேர்ந்து கீழே இறங்குவதும் கேட்டது.

ஆட்டோக்காரர் மஞ்சள் சட்டையைப் பார்த்து ஏதோ அரசாங்க அவசரம் என்று நினைத்துக்கொண்டு மேட்டில் பறந்தார். வழியெல்லாம் அரைகுறையாக வெளியே வந்தும் வராமலும் ஜனங்கள், கரண்டு இல்லாத கடைகள், கீழே கடல் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நீலமாக. பரமார்த்தலிங்கம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். புஷ்பம், ஒரு விஷயம். வேண்டாம். புஷ்பம், டாக்டர் அன்றைக்கு. வேண்டாம். உங்க அப்பாவுக்கு. அய்யோ வேண்டாம். வாழ்நாளெல்லாம் இல்லாததைச் சொல்ல ஒரு நிமிஷம் திணறாத நாக்கு, இருக்கிற ஒரே ஒரு சங்கதியைச் சொல்லத் தெரியாமல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தெருமுனையில் இறங்கினால் வெயிலில் பெண்கள் கூட்டம், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, லூர்தம்மாள் முன்னால். "அண்ணாச்சி, நல்லவேளை வந்தீய! அக்கா இன்னும் வெளிய வரல." அவரவர் வீட்டுக்குள்ளே போவதுதானே என்றார் இவர் மூச்சு வாங்க, ஒத்திகைதானே இது. "ஒத்திகைன்னு கவர்மெண்டு சொல்லுது, அக்கா சொல்லலியே? சன்னல் வழியா கூப்பிட்டுக் கேட்டோம். இன்னும் நிக்கல, யாரும் உள்ள போவாதீய, புள்ளைகளைப் பிடிச்சு வச்சிக்கிடுங்கன்னு உள்ள கெடந்தே சத்தம் போடுதாக. நீங்க வெளிய வாங்கக்கான்னா, நான் வந்துக்கிடுதேன் நீங்க தள்ளி நில்லுங்கங்காக. என் உலை அப்படியே கெடக்கு அண்ணாச்சி. என்ன பண்ண?" அவளைத் தாண்டிக் கதவுக்குப் போனார். கதவு தாழிடாமல் சாத்தியிருந்தது, அதுவும் விதி, தாழிட்டால் திறக்க நேரமாகும்.

மேசைக்கடியில் ஒருக்களித்துக் கிடந்தாள். இடது கை பையை அணைத்திருந்தது. வலது கை தரையில், சிமெண்டில், டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டு, உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. "வந்துட்டீயளா" என்றாள். "சுவரோரமா வாங்க, நடுவுல வராதீய. தலையக் குனிங்க, மேசை இடிக்கும்." குனிந்தார். ஊர்ந்து உள்ளே போய் அவளுக்கு எதிரே ஒருக்களித்துப் படுத்தார், இரண்டு கிழடுகள், படாக் மரத்துக்கடியில், முகத்துக்கு முகம். "நிக்கவே இல்லைங்க. இன்னைக்கு மாதிரி ஆடுனதே இல்ல. அந்தப் புள்ளைக வெளியதானே நிக்கி? உள்ள போயிராதே?" கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. நாக்கு நுனியில் ஒன்று வந்தது, அதற்குத்தான் வேளை கெட்ட வேளை கிடையாதே, கடலுக்கடியில் ஒரு பெரிய திமிங்கலம் முதுகு சொறிந்துகொள்கிறது என்று ஒரு கதை, நல்ல கதை, சொன்னால் சிரிப்பாள், இன்னும் ஒரு வாரம் ஓடும். விழுங்கினார். "ஏட்டி" என்றார். "ம்." "ஆடல." "என்னது ஆடல?" "பூமி ஆடல, புஷ்பம்." அவள் தன் கையைக் காட்டினாள், இதோ பாருங்களேன் என்கிற மாதிரி. அவர் அவள் அணைத்திருந்த பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து இருவருக்கும் நடுவே தரையில் நிறுத்தி வைத்தார். தண்ணீர் முதலில் அலைந்தது. பிறகு நின்றது. கண்ணாடி மாதிரி நின்றது. அவள் தண்ணீரைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். மறுபடி தண்ணீரை. வெளியே ஒரு குழந்தை அழுதது, யாரோ அதட்டினார்கள். தங்கபுஷ்பம் இடது கையால் வலது கையைப் பிடித்து, அது வேறு யாருடைய கையோ போல, திருப்பித் திருப்பிப் பார்த்தாள், விரல் விரலாக, ரொம்ப நேரம். "அப்பாவுக்கு வந்தது" என்றாள். அவர் தலையை ஆட்டினார். "எப்பருந்து தெரியும்?" "மொதல்லருந்தே." அடிப்பாள் என்று நினைத்தார், அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். படுத்திருந்ததால் அவள் கண்ணீர் மூக்கைத் தாண்டிக் குறுக்கே ஓடிச் சிமெண்டில் சொட்டியது. "மருந்து இருக்கு புஷ்பம். இப்பம் நல்ல மருந்து வந்திருக்காம். இன்னா, சட்டையிலயே வச்சிருக்கேன்." "அப்பாவுக்கு இருந்துச்சா?" "இல்ல. அப்பம் இல்ல." அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அப்பாவுக்காக அழுதாள். தனக்காக அழுதாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "அப்பம் பூமிக்கு ஒண்ணும் இல்ல?" என்றாள். "ஒண்ணும் இல்ல. அது பாட்டுக்கு இருக்கு." "நெசமா? இதுவும் கதையா?" "நெசம்." அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க நெற்றியில் ஏதோ ஒன்று முடிச்சவிழ்ந்தது. "நான் கண்ண மூடுன நேரம் பாத்து வந்துச்சுன்னா என்ன செய்யன்னு கெடந்தேன். என்ன நம்பித்தானே இந்தத் தெரு தூங்குது. லூர்து வீட்டுல கைப்புள்ள. நீங்க வேற கொறட்டை விட்டுத் தூங்குவீய, எழுப்பணும்லா." அவர் மாத்திரை அட்டையை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். "அப்பம்" என்றாள் மெதுவாக, கேட்கலாமா கூடாதா என்பது போல, "அப்பம் நான் தூங்கலாமாங்க?"

தூங்கு என்றார். மாத்திரையை எந்திரிச்சுப் போட்டுக்கிடுதேன் என்றாள், எந்திரிக்கத்தான் நீங்க ஒரு கை குடுக்கணும் என்றாள், சொல்லும்போதே பாதிச் சொல் உள்ளே போய்விட்டது. "அண்ணாச்சி!" என்று வாசலில் லூர்தம்மாள். "அக்கா என்ன சொல்லுதாக?" அவ தூங்குதா, நீங்க போய் உலையை வைங்க என்று பரமார்த்தலிங்கம் மேசைக்கடியிலிருந்து சொன்னார், அக்கா தூங்குதாகளாம், அக்கா தூங்குதாகளாம் என்று தெரு நெடுக அது போயிற்று, கதவுகள் திறந்தன. தங்கபுஷ்பத்தின் வாய் லேசாகத் திறந்திருந்தது, மூச்சு சின்னக் குறட்டையாகச் சீராக வந்துகொண்டிருந்தது. தரையில் கிடந்த வலது கை தட்டுவது மெதுவாகி, இரண்டு தட்டுக்கு நடுவில் இடைவெளி கூடி, கடைசியாக ஒரு முறை விரல் நிமிர்ந்து, படிந்து, நின்றுபோனது. தூக்கத்தில் அது நின்றுவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் தூங்கினால்தானே அவர் பார்த்திருக்கப்போகிறார். இத்தனை மாசத்தில் எது நிற்கவேண்டும் என்று இருக்கிற சாமியையெல்லாம் வேண்டினாரோ அது கண்ணெதிரே நின்று கிடந்தது, பால் மாதிரி, கொலுவில் வைத்த பொம்மைக் கை மாதிரி, உயிரில்லாத கை மாதிரி. குறட்டை கேட்கிறது, மார்பு ஏறி இறங்குகிறது, அப்படியும் மனசு கேட்கவில்லை. தன் உள்ளங்கையை அதற்கடியில் நுழைத்து, எழுப்பிவிடாமல், கனமில்லாமல் தாங்கிக்கொண்டார். ஆடு தாயி, ஒரே ஒரு தடவை ஆடிக் காட்டிட்டுத் தூங்கு என்று சத்தமில்லாமல் உதட்டை அசைத்தபடி, மஞ்சள் சட்டையோடு சிமெண்டுத் தரையில் கிடந்து காத்துக்கொண்டிருந்தார்.